நாற்பத்திரண்டாம் நாள்

கார்த்திகை முதல் நாள் நவம்பர் நடுவில் வருகிறது. அன்று பொழுது புலர்வதற்கு முன்பே மும்பை தாராவியின் தமிழ்க் குடியிருப்புகளில் குளிர்ந்த நீரில் நீராடும் ஓசையும் சரண கோஷமும் எழுகின்றன. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் துளசிமணி மாலை அணிந்து, கறுப்பு வேட்டி உடுத்தி, 41 நாள் மண்டல விரதத்தைத் தொடங்குகின்றனர். அன்றே வீட்டின் அடுக்களையும் மாறுகிறது. மீன் குழம்பு வைக்கும் மண்சட்டி கழுவப்பட்டுப் பரணில் ஏறுகிறது. நேற்றுவரை மகனைப் பெயர் சொல்லி அதட்டிய தாய், இன்று "சாமி, சாப்பிட வாங்க" என்று அழைக்கிறாள்.

அந்த 41 நாட்களும் இனிதே கழிகின்றன. இருபது ஆண்டுகளாக மீனும் கறியும் உண்டு பழகிய உடல் சோர்ந்து விழுவதில்லை. நாவும் பெரிதாக அடம் பிடிப்பதில்லை. மூட்டை தூக்குபவர் மூட்டை தூக்குகிறார். தையல் இயந்திரத்தில் அமர்பவர் பன்னிரண்டு மணி நேரம் தைக்கிறார். மலைக்குச் சென்று திரும்பி, மாலையைக் கழற்றுகின்றனர். அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, பரணிலிருந்து அந்த மண்சட்டி இறங்குகிறது.

இதில் குறை கூற ஒன்றுமில்லை. நாள் குறித்து எடுத்த விரதம் நாள் தவறாமல் காக்கப்பட்டது. ஆயினும் அவர்களுள் சிலர் உள்ளத்தில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. 41 நாட்கள் இயன்றது, 42-ஆம் நாள் ஏன் இயலாமற்போகிறது? புலாலை நிரந்தரமாக விட விரும்பும் சாதகர் ஒவ்வொருவரும் ஆராய வேண்டிய கேள்வி இது.

ஆகாரம் என்பது எது?

சாந்தோக்ய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சனத்குமாரர் நாரதருக்கு உபதேசம் செய்கிறார். அதன் நிறைவில் ஆகாரத் தூய்மையைப் பற்றிப் பேசுகிறார். ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகிறது. உள்ளம் தூய்மையானால் நினைவு நிலைபெறுகிறது. நினைவு நிலைபெற்றால் நெஞ்சின் கட்டுகள் அவிழ்கின்றன என்பது அவ்வுபதேசத்தின் சாரம்.

இங்கு 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு ஆசாரியர்கள் இருவகையாகப் பொருள் கண்டனர். வாயால் உண்ணும் உணவு மட்டுமன்றி, கண், காது முதலிய புலன்கள் அனைத்தும் உள்ளே கொணர்வதெல்லாம் ஆகாரமே என்று சங்கரர் விளக்கினார். ஒருவர் சைவ உணவு உண்டுகொண்டே பிறர்மீது பழி கேட்டு மகிழ்வாரானால், அவரது ஆகாரம் இன்னும் தூய்மையடையவில்லை. உணவு என்ற நேர்ப்பொருளையே கொண்ட இராமாநுசர், அதற்கு நேரும் குற்றங்களை மூன்றாக வகுத்தார். பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். கொடுப்பவரின் தன்மையால் வருவது ஆசிரய தோஷம். தூசி, மயிர் முதலியன விழுவதால் வருவது நிமித்த தோஷம்.

சுவாமி விவேகானந்தர் இவ்விரு விளக்கங்களையும் எடுத்துரைத்து, சாதகருக்கு இரண்டும் வேண்டும் என்றார். தொடக்க நிலையில் உள்ளவர் உண்ணும் பொருளில் கவனம் வைப்பது நல்லது. ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. சமயம் முழுவதும் சமையற்பானைக்குள் சுருங்கிவிட்டதே என்று வருந்தியவரும் அவரே.

பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயமும் இங்கு நினைவுகூரத் தக்கது. அங்கே பகவான் உணவை மூவகையாகப் பிரிக்கும்போது இன்ன பண்டம் என்று பட்டியலிடவில்லை. உண்பவரிடம் அது விளைவிக்கும் பயனைக்கொண்டே பிரிக்கிறார். மிகுந்த காரமும் புளிப்பும் உப்பும் ராஜசம். பழையதும் சுவை கெட்டதும் எச்சிலும் தாமசம். ஆகவே புலாலை விட்டவர், அந்த இடத்தை எண்ணெயில் பொரித்த பண்டங்களாலும் அளவற்ற காரத்தாலும் நிரப்பினால், தட்டு மாறியதேயன்றி குணம் மாறவில்லை.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் புலால் மறுத்தல் 26-ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது அருளுடைமை. பின் நிற்பது தவம். அதனையும் அடுத்து வருவது கூடாவொழுக்கம். இவ்வரிசையே ஒரு பாடமாக அமைந்துள்ளது.

புலாலை விடுவதற்கு முன் நெஞ்சில் அருள் பிறக்க வேண்டும். அருள் இன்றி விடுவது வெறும் பத்தியம். மருத்துவர் சொன்னதற்காக உப்பைக் குறைப்பது போன்றது. அருளால் விட்டவருக்கு அது தவத்தின் முதற்படியாகிறது. தவத்தை அடுத்தே, புறக்கோலம் பூண்டு அகத்தில் வேறாக இருக்கும் பொய்யொழுக்கத்தைக் கண்டிக்கும் அதிகாரத்தை வள்ளுவர் வைத்தார். உணவில் தூய்மை பெற்றோம் என்ற எண்ணத்தின் பின்னாலேயே அந்தப் பொய்மை காத்து நிற்கிறது என்று எச்சரிப்பதுபோல் அது அமைந்திருக்கிறது.

கொல்பவர் வேறு, உண்பவர் வேறு என்ற சமாதானத்தையும் வள்ளுவர் ஏற்கவில்லை. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்பது அவர் காட்டும் நியாயம். மும்பையில் செம்பூரை அடுத்த தேவனாரில் 1971 முதல் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இயங்கி வருகிறது. அங்கே உழைப்பவர் தமக்காக மட்டும் அத்தொழிலைச் செய்வதில்லை. நகரத்தின் தட்டுகளுக்காகச் செய்கிறார். அவரைக் கொடியவர் என்று கூறிவிட்டு, கடையில் ஒரு கிலோ வாங்கி வருபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

ஒரு சபதம் கடந்து வந்த வழி

கட்டாயத்தால் விடுவதற்கும் தெளிவால் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மகாத்மா காந்தியின் இளமை நன்கு விளக்குகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், இளம் வயதில் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் மறைவாக ஆட்டிறைச்சி உண்டார். இறைச்சி உண்டால்தான் உடல் வலுப்பெறும், அந்நியரை வெல்லலாம் என்று அந்நண்பர் நம்பவைத்திருந்தார். முதல் நாள் இரவு வயிற்றுக்குள் ஓர் ஆடு கதறுவதுபோல் தோன்றி உறக்கம் கலைந்தது. ஆயினும் ஓராண்டுக் காலத்தில் சில முறை அது தொடர்ந்தது. இறுதியில் நிறுத்தியது, ஆட்டின்மீது கொண்ட இரக்கத்தால் அன்று. பெற்றோரிடம் பொய் சொல்ல மனம் ஒப்பாமையால். பெற்றோர் காலத்திற்குப் பின் வெளிப்படையாக உண்ணலாம் என்றே அப்போது எண்ணியிருந்தார்.

1888-இல் இங்கிலாந்து செல்லும் முன், மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை என்று அன்னை புத்லிபாயின் நிம்மதிக்காகச் சபதம் செய்தார். பேசர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி அதைச் செய்வித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 4 அன்று பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அவருக்கு வயது பதினெட்டு.

லண்டனில் சபதம் பசியாக மாறியது. உப்பும் புளியும் காரமும் இல்லாத வெந்த கீரையும் ரொட்டியும் தொண்டையில் இறங்கவில்லை. மேலும் ரொட்டி கேட்கக் கூச்சம் தடுத்தது. படிக்காத தாய்க்குக் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்று நண்பர் வாதிட்டார். அந்த வாதத்திற்கு மறுமொழி கூற இளைஞருக்குத் தெரியவில்லை. சபதத்தை மீற இயலாது என்பது மட்டும் தெரிந்தது. பெரிய உணவு விடுதி ஒன்றில் பரிமாறப்பட்ட சூப்பில் இறைச்சி கலந்துள்ளதா என்று பணியாளரை அழைத்துக் கேட்கப் போய், நண்பரின் சினத்துக்கு ஆளாகி அன்று இரவு பட்டினி கிடந்தார்.

பல நாள் அலைந்தபின் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அதன் வாயிலருகே விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட் என்பவரின் நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கி, இங்கிலாந்தில் முதன்முறையாக வயிறார உண்டார். அந்நூலைப் படித்து முடித்தபோது அவருக்குள் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை வாக்குக்காக விட்டிருந்தார். அன்றிலிருந்து தம் விருப்பத்தால் விட்டார்.

பின்னர் ஊரிலிருந்து வரும் இனிப்புகளையும் மசாலாப் பொருள்களையும்கூட நிறுத்தினார். முன்பு சப்பென்றிருந்த அதே வெந்த கீரை இப்போது சுவைத்தது. சுவையின் உண்மையான இருப்பிடம் நாவன்று, மனமே என்பதை அப்போது கண்டுகொண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதினார்.

நாற்பத்திரண்டாம் நாள் பற்றிய கேள்விக்கு விடை இங்கு கிடைக்கிறது. விரதம் ஒரு தோணி. தெளிவு என்னும் கரை வரும்வரை அது தாங்கிச் செல்கிறது. கரை வருமுன் தோணியிலிருந்து இறங்கினால் மீண்டும் நீரில்தான் கால் வைக்க வேண்டும். 41 நாட்களில் நாவைக் கட்டியவர், அந்நாட்களிலேயே 'எதற்காக?' என்று மனத்தைக் கேட்டு விடை பெற்றிருந்தால், 42-ஆம் நாளில் புதிதாகப் போராட வேண்டியிராது. சபதம் சிறியது என்று கருதவும் வேண்டா. காந்தியை லண்டனில் காத்தது தெளிவன்று. தெளிவு வரும்வரை உடன் நின்ற அந்த வாக்கே.

பழக்கம் மாறும் விதம்

மனம் இசைந்தபின்னும் உடலுக்கும் நாவுக்கும் கால அவகாசம் வேண்டும். இதில் மூன்று செய்திகளை அறிந்துகொள்வது நன்று.

முதலாவது, சுவை. புலால் உணவில் நாவு விரும்புவது பெரும்பாலும் இறைச்சியை மட்டும் அன்று; அதனோடு சேர்ந்த புளி, மிளகு, சின்ன வெங்காயம், தேங்காய், நல்லெண்ணெய் ஆகியவற்றையே. நெல்லை வீட்டுக் குழம்பு அதே கைப்பக்குவத்தில் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் இட்டு வைக்கப்பட்டால் நாவு விரைவில் சமாதானமாகிறது. வாழைக்காய் வறுவல், சேனைக்கிழங்கு வறுவல், பருப்பு உருண்டைக் குழம்பு ஆகியவை நெடுநாளாகத் தமிழர் அறிந்தவையே. பூண்டு, வெங்காயம் ஆகியவற்றையும் முதல் நாளிலேயே விட்டுவிட முனைந்து, இரண்டையும் இழந்து திரும்புவதைக் காட்டிலும், ஒவ்வொரு படியாக ஏறுவது விவேகம்.

இரண்டாவது, உடல் வலிமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, வயது வந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். 100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் உள்ளது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைந்துள்ளது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் உள்ளது. சோறும் சாம்பாரும், இட்லியும் பொங்கலும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் இணைகளாக அமைந்தது இதனால் பொருள் பெறுகிறது. மும்பையில் வாழ்பவருக்கு, முளைகட்டிய நரிப்பயற்றில் மராத்தியர் செய்யும் உசல் விலை குறைந்த நல்லுணவு.

பலர் செய்யும் பிழை, கறியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சோற்றை மட்டும் கூட்டுவது. சில வாரங்களில் சோர்வு வருகிறது. 'சைவம் நமக்கு ஒத்துவராது' என்று முடிவு செய்கின்றனர். ஒத்துவராதது சைவம் அன்று; பருப்பும் பயறும் பாலும் இல்லாத தட்டே. பயறு வகைகளைத் திடீரென மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். இரவே ஊறவைத்து, நன்கு வேகவைத்து, சிறிது சிறிதாக அளவைக் கூட்ட வேண்டும். கீரை, பயறு ஆகியவற்றின் இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணைசெய்கின்றன. உணவோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கிறது. ஆகவே தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நன்று.

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத் தக்க அளவில் கிடைப்பதில்லை. சைவ உணவினருக்குப் பாலும் தயிரும் மோருமே அதன் முதன்மையான இயற்கை வழி. நீடித்த அசதி, கை கால் மரத்துப்போதல், நினைவுத் தடுமாற்றம் தோன்றினால் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரை வேண்டுமென்றால் தயங்காது உட்கொள்ளலாம். உடல் சாதனைக்குரிய கருவி. அதை வாட்டுவது அகிம்சையின் பகுதி ஆகாது.

மூன்றாவது, தவறுதல். திருமண விருந்தில், ஊர்ப் பயணத்தில், ஒரு நாள் கை தவறிவிடலாம். அன்றோடு எல்லாம் முடிந்தது என்று கைவிடுபவரே உண்மையில் தோற்கிறார். மறுவேளையிலேயே மீண்டும் தொடங்குபவர் தோற்கவில்லை.

அடுக்களையில் அகிம்சை

தாராவி போன்ற இடத்தில் பெரும்பாலான வீடு ஓர் அறைதான். அதன் மூலையில்தான் அடுப்பு. அங்கே ஒருவர் மட்டும் புலாலை விடுவது மற்றவர் அனைவரையும் தொடும் செயல். இரு சமையல் செய்ய எரிவாயுவும் இடமும் தாயின் நேரமும் எங்கிருந்து வரும்?

மகன் மாலை அணியாமலே ஒரு நாள், "இனி எனக்கு மீன் வேண்டாம்மா" என்கிறான் என்று கொள்வோம். "ஏன்யா, அம்மா வச்ச குழம்பு பிடிக்கலையா?" என்பதே தாயின் முதற்கேள்வியாக இருக்கும். அவளுக்கு மீன் என்பது தத்துவம் அன்று; பிள்ளைக்கு ஊட்டிய கைப்பிடிச் சோறு. மாதக் கடைசியில் குடும்பத்தின் பசியை ஆற்றிய கருவாடு. அந்தத் தட்டை மூக்கைச் சுளித்து ஒதுக்கும் பிள்ளை, ஓர் உயிர்க்கு இரங்குவதாகக் கூறிக்கொண்டு தன்னைப் பெற்ற உயிரைப் புண்படுத்துகிறான்.

புதிதாகச் சைவரானவர் குடும்பத்திற்கு உபதேசம் செய்வதைவிட, தம் பங்குப் பருப்பைத் தாமே வேகவைத்துக்கொள்வது மேல். தம் தட்டைத் தாமே கழுவட்டும். மற்றவர் உண்ணும்போது எழுந்து போகாமல் உடன் அமரட்டும். வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் தம் முடிவைத் திணிக்க அவருக்கு உரிமையில்லை. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் நோயுற்றிருந்தபோது மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க மருத்துவர் விரும்பினார். அதைத் தாம் ஏற்க இயலாது, எனினும் மனைவி விரும்பினால் தடையில்லை என்று கூறிய காந்தி, முடிவை அவரிடமே விட்டார். மறுத்தவர் கஸ்தூரிபாயே. அன்புடைய வீட்டில் ஒருவரது மாற்றம் மெல்ல மற்றவரையும் தொடுகிறது. தொடாவிட்டாலும் அன்பு குறைவதில்லை.

இருப்புப்பாதையின் மறுபுறம்

தாராவிக்கும் மாட்டுங்காவின் தமிழர் பகுதிக்கும் நடுவே ஓர் இருப்புப்பாதைதான் உள்ளது. கிழக்கே கோயில்கள், பஜனைக் கூடங்கள், பூக்கடைகள், வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற விடுதிகள். ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-இல் அங்கே தொடங்கப்பட்டது. செம்பூரின் செடா நகர் முருகன் கோயிலுக்கு ஐப்பசியில் கந்தசஷ்டி விரதத்தோடு வருபவருள் பிறவியிலேயே சைவர் உண்டு. ஆறு நாள் மட்டும் சைவர் உண்டு. முருகன் இருவருக்கும் ஒரே திருநீற்றையே அளிக்கிறான்.

பிறவியிலேயே சைவ உணவில் வளர்ந்தவர் ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் புலாலைத் துறக்கவில்லை, அறியவே இல்லை. அறியாததைத் துறந்ததாகப் பெருமை கொள்ள இடமில்லை. பாரம்பரியம் அவருக்குத் தந்தது ஒரு வசதி. அதே நேரத்தில், இருபது ஆண்டுப் பழக்கத்தை அன்றாடம் எதிர்கொண்டு, ஏளனத்தையும் தாயின் வருத்தத்தையும் தாங்கி, ஒவ்வொரு ஞாயிறும் அண்டை வீட்டு வாசனையைக் கடந்து வரும் தாராவி இளைஞரே துறவின் பொருளை அறிந்தவர். சத்சங்கத்தில் அவர் அருகே அமரத் தயங்குபவர் யாரேனும் இருந்தால், அவருடைய ஆகாரத்தில் சங்கரர் கூறிய குற்றம் இன்னும் நீங்கவில்லை.

மும்பையில் சில குடியிருப்புச் சங்கங்கள் புலால் உண்பவருக்கு வீடு தர மறுக்கின்றன. உயிருக்கு இரங்கும் அறம், மனிதரை வாசலில் நிறுத்தும் கதவாக மாறும்போது அது அறமாக நிற்பதில்லை. தாராவியின் ஆதிக்குடிகள் கோலி மீனவர்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அங்கே தோல் தொழிலை வளர்த்தனர். தோலில் பை தைத்துப் பிழைப்பவரை இகழ்ந்துவிட்டு, அதே தோலில் செய்த இடுப்புவாரை அணிந்து செல்பவர் தூய்மை பேசுவது எங்ஙனம்?

வள்ளலார் இதில் வழிகாட்டுகிறார். புலால் மறுத்தலில் அவரைவிட உறுதியானவர் அரியர். எனினும் 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் உணவு பெறப் பசி ஒன்றே தகுதி. கொள்கையில் உறுதி, மனிதரிடத்தில் குளிர்ச்சி என்னும் இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும் என்பதற்கு இன்றும் அணையாத அந்த அடுப்பே சான்று.

மாலை கழற்றிய பின்

மாலையைக் கழற்றியதும் தாய் மகனை மீண்டும் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குகிறாள். அது இயல்பே. ஆனால் 41 நாட்கள் அவள் 'சாமி' என்று அழைத்தது மாலையை அன்று. அதை அணிந்தவனுள் விழித்திருந்த ஒன்றை. மாலை நீங்கியதும் அதுவும் உறங்கிவிட வேண்டும் என்ற நியதி இல்லை.

42-ஆம் நாள் காலையில் அச்சட்டி பரணிலிருந்து இறங்கட்டும். அதில் தாய் தன் வழக்கப்படி சமைக்கட்டும். மகன் அருகே அமர்ந்து, தன் கையால் வேகவைத்த பருப்பைச் சோற்றில் பிசைந்து உண்ணட்டும். தாயின் கையிலிருந்து ஒரு கரண்டி ரசத்தைக் கேட்டு வாங்கட்டும். அந்த அறையில் யாரும் யாரையும் தாழ்வாக எண்ணவில்லை என்றால், விரதம் முடிவடையவில்லை, அன்றுதான் தொடங்கியிருக்கிறது.

சத்சங்கத்தில் சிந்திக்க

1. விரத நாட்களில் எளிதாக இருந்த ஒரு நியமம், விரதம் முடிந்ததும் கடினமாவது எதனால்?

2. 'ஆகாரம்' என்பதற்குச் சங்கரரும் இராமாநுசரும் தந்த விளக்கங்கள் ஒன்றையொன்று எவ்வாறு நிறைவு செய்கின்றன?

3. புலால் மறுத்தலை அடுத்து வரும் தவத்தைத் தொடர்ந்து கூடாவொழுக்கத்தை வள்ளுவர் வைத்ததன் கருத்து யாது?

4. வீட்டில் ஒருவர் மட்டும் உணவு முறையை மாற்றும்போது, அவரும் மற்றவரும் மேற்கொள்ள வேண்டிய கடமைகள் எவை?

பயிற்சி: இம்மாதம் ஒரு வாரம், உண்ணும் முன் ஒரு நிமிடம் அமைதியாக அமர்ந்து, தட்டில் உள்ள உணவு எத்தனை கைகளின் உழைப்பால் வந்தது என்று எண்ணிப் பார்த்தபின் உண்க. அவ்வாரத்தில் எவர் உண்ணும் உணவைப் பற்றியும் குறை கூறாதிருக்க.